கண்ணாடிச் சுவரோவியத்தை அமிலம் ஊற்றிக் கழுவாதீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேசிய தினமும் மலேசிய தினமும் நெருங்கும்போது பொதுக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக் கழுவுவார்கள். அப்போது 1960களின் கண்ணாடி மொசைக் (சிறு சில்லுகள் பதித்த) சுவர்களையும் சாதாரணச் சுவராக நினைத்துத் தேய்ப்பதுதான் கவலை தருகிறது.

கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பைப் பாருங்கள். 1963 ஆகஸ்ட் 31இல் திறக்கப்பட்ட கட்டடம். வாசலின் இருபுறமும் ஓவியர் சியோங் லாய் தோங் வடிவமைத்த, இத்தாலியக் கண்ணாடிச் சில்லுகளாலான ஓவியங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். ஒன்றில் நாட்டின் வரலாறு, மற்றொன்றில் மக்களின் பண்பாடும் கைவினையும். எல்லா இனத்தாருக்கும் பொதுவான சொத்து அது.

இத்தகைய ஓவியத்துக்கு ஆபத்து சில்லுகளின் முகத்தைவிட அவற்றின் இடுக்குகளிலேயே அதிகம். கண்ணாடி நீரை உறிஞ்சாது. அதனால் மண் ஓட்டைப் போல சிமெண்டுக் கலவை அதைக் கவ்விப் பிடிக்காது. 2 செ.மீ. சதுரச் சில்லு என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2,200 சில்லுகள். அவற்றுக்கிடையே உள்ள இடுக்குகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 90 மீட்டர். அந்த இடுக்கிலுள்ள சிமெண்டுதான் காவல். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரும்பாசியை நொடியில் போக்கும், கூடவே அந்தச் சிமெண்டையும் தின்னும். உயரழுத்த நீர்ப்பீச்சி அதைப் பெயர்த்தெடுக்கும். அடுத்த மழையில் நீர் உள்ளே புகும், வெயிலில் சூடேறும், சில்லுகள் உப்பி உதிரும். ஃபுளோரைடு கலந்த கல் துப்புரவுத் திரவமோ கண்ணாடியையே மங்கடிக்கும். போன பளபளப்பு திரும்பாது.

மென்மையான தூரிகை, காரமோ அமிலமோ இல்லாத துப்புரவுத் திரவம் கலந்த நீர், குழாய் நீரின் இயல்பான வேகம். இவை போதும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சுவருக்குப் பின்னால் நீர் கசிகிறது என்று பொருள். முதலில் கூரை விளிம்பையும் மழைநீர்க் குழாயையும் சரிசெய்துவிட்டு, உப்பை மரச் சுரண்டியால் உலர்வாகச் சுரண்ட வேண்டும்.

விரல் முட்டியால் தட்டினால் பிடிப்பு விட்ட இடம் வெற்றொலி தரும். அங்கே உளி வைக்கக் கூடாது. நீரில் கரையும் பசையால் மெல்லிய பருத்தித் துணியை முன்பக்கம் ஒட்டி, எண்ணிட்டு, துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும். முதுகைச் சுத்தம் செய்து, கண்ணாடிக்குரிய பாலிமர் கலந்த ஒட்டுக்கலவையில் மீண்டும் பதித்து, அது இறுகிய பிறகே துணியை நனைத்து உரிக்க வேண்டும். இடுக்குக்குப் பழைய கலவையின் நிறமே வேண்டும். சாம்பல் நிறம் இருந்த இடத்தில் வெள்ளையைப் பூசினால் ஓவியம் முழுதும் வெளிறிவிடும்.

உதிர்ந்த சில்லுகளைக் குப்பையோடு கூட்டிவிடாதீர்கள். உடைந்ததானாலும் எந்த இடத்தது என்று எழுதி உறையிலிடுங்கள். அதே நிறம் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது.

டெண்டரில் ‘சுவர் துப்புரவு’ என்ற ஒற்றை வரியில் இவ்வேலையை அடக்கக் கூடாது. குத்தகையாளர் முதலில் கீழ் மூலையில் ஒரு சதுர அடி மட்டும் சுத்தம் செய்து காட்டட்டும். அது நன்கு உலர்ந்து, இடுக்குகளைத் தடவிப் பார்த்த பிறகே மேலே ஏறட்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோலாலம்பூர்