செயலாளரின் ஆண்டறிக்கை: மேட்டைச் சரிக்காமல் கட்டிய ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, திருக்கடலூரில் இருந்து வந்திருக்கும் கடற்றொழிலாளர்களே, விடுமுறையை எங்களோடு கழித்த கட்டடக்கலை, சித்திரப் பிரிவு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலை படிக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, ஊரிலேயே சிறிதாக ஏதாவது கட்டிப் பார்க்க இடம் தேடிக் கொடுப்பது. அவர்களோடு ஓவியம், சிற்பம் படிக்கும் பிள்ளைகளையும் சேர்ப்பது. எதைக் கட்டினாலும் மேட்டைச் சரிக்காமல், பள்ளத்தை நிரப்பாமல், நிற்கும் மரத்தை வெட்டாமல் கட்டுவது. முதல் இரண்டுக்கும் எல்லோரும் கை உயர்த்தினார்கள். மூன்றாவதில்தான் நெடுநேரம் பேச்சு நடந்தது. நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்டார்கள். ஒத்துவந்தது என்று சபைக்கு அறியத்தருவதில் மகிழ்ச்சி.

அந்த நிபந்தனையை ஏன் வைத்தோம் என்பதைப் புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கட்டட வேலை என்றால் முதலில் வளவுக்குள் வருவது மண் தோண்டும் பெக்கோ. மேடு சரியும், பள்ளம் கிறவலால் நிரம்பும், வேலியோரத்துப் பூவரசு போய்விடும். அதன் பிறகுதான் மேசன் நூல் பிடிப்பார். மாரி வந்ததும் அந்த வளவில் நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வளவுக்குள் போகும். கண்டல் நின்ற களப்போரங்களையும் இப்படியே நிரப்பி வருகிறோம். கொழும்பில் இருந்து வரும் வரைபடமும் மட்டமான வெறும் நிலத்தை நினைத்தே வரைந்ததாக இருக்கும். திருகோணமலையில் மட்டமான நிலம் எங்கே இருக்கிறது? மலையும் குடாவும் மணல்திட்டும் சேர்ந்த ஊர் இது. இங்கே நிலத்தை வாசிக்கப் பழகாத கட்டடக்கலைஞர் எவ்வளவு படித்திருந்தாலும் பாதிப் படிப்புத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே ஆண்டின் முதல் வேலையாகப் பிள்ளைகளைக் கோணேசர் கோவிலுக்கு அழைத்துப் போனோம். கோபுரத்தை வரைய வேண்டாம், போகும் வழியை வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். கோவில் இருக்கும் கோட்டையின் வாசல் இறுக்கமாக இருக்கிறது. மீன் சின்னம் பொறித்த கல் அங்கே நிற்கிறது. போர்த்துக்கேயர் 1622இல் கோவிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கோட்டை கட்டிய வரலாறு அந்தக் கல்லில் இருக்கிறது. உள்ளே போனதும் பெரிய மரங்களின் நிழல், புள்ளிமான்கள், பிறகு மெல்ல ஏறும் வழி. ஒரு பக்கம் கடல் தெரிந்து மறைகிறது. உச்சியில் காற்று முகத்தில் அடிக்கிறது. அதற்கு அப்பால் இராவணன் வெட்டு, செங்குத்தான பாறை, கீழே கடல். 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோவில் பெரிய கட்டடம் அல்ல. ஆனால் மலை, நிழல், காற்று, கடல் எல்லாம் அந்தக் கோவிலின் பகுதிகளாகவே இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் கோணமாமலையைக் கடலோடு சேர்த்துத்தான் பாடினார். நிலமும் கலையும் கட்டடமும் எங்கே ஒன்றாகச் சேருகின்றன என்று கேட்கும் மாணவருக்கு நாங்கள் முதலில் காட்டக்கூடிய இடம் அதுதான்.

இவ்வாண்டு நடந்த உரைகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பற்றியது. அவர் 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை தோட்டத்தை வாங்கியபோது வழக்கறிஞர். தெத்துவ ஏரியோரத்தில் இருந்த அந்தப் பழைய இறப்பர்த் தோட்டத்தைத் திருத்தத் தொடங்கிய பிறகே கட்டடக்கலை படிக்கப் போனார். 1957இல் தகுதி பெறும்போது வயது 38. தோட்டம் முதலில், கட்டடக்கலை பிறகு. மாணவர்கள் நெடுநேரம் பேசியது இந்த வரிசையைப் பற்றித்தான். அவருடைய கட்டடங்களில் எனா டி சில்வாவின் பத்திக், லக்கி சேனநாயக்கவின் சிற்பங்கள் போன்றவை கடைசியில் ஒட்டிய அலங்காரமாக நிற்பதில்லை. அதை நேரில் பார்க்கத் தம்புள்ளைக்கு அருகே உள்ள கண்டலம ஹோட்டலுக்கும் போய்வந்தோம். பாறையை உடைக்காமல் அதை ஒட்டியே, தூண்களில் நிற்கும் நீளமான கட்டடம். கொடி செடிகள் மூடி, குளத்தின் அக்கரையில் இருந்து பார்த்தால் மலையின் பகுதி போலத் தெரிகிறது. படிக்கட்டுக்கு மேலே லக்கி சேனநாயக்க செய்த ஆந்தை சிறகை விரித்து நிற்கிறது. கட்டடக்கலைஞர் மினெற் டி சில்வாவைப் பற்றியும் பேச்சு வந்தது. 1950களில் கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறப் போகிறவர்களிடமே எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை என்று கேட்டுக் கேட்டு வரைந்தவர் அவர். கைவினைஞரைத் தம் வேலைக்குள் முதலிலேயே கொண்டுவந்தவரும் அவர்தான். பெரிய பெயர்கள் வரும்போது அவருடைய பெயர் பின்னுக்குத் தள்ளப்படுவது எனக்கு மனவருத்தம். அடுத்த ஆண்டு அவருக்கென்றே ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது உரை, மாணவர் செய்த வேலைகளைப் பற்றியது. 1981இல் மாயா லின் என்ற 21 வயது மாணவி, யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவிடத்துக்கான போட்டியில் வென்றார். வகுப்பு வேலையாகத் தொடங்கிய வடிவம் அது. வந்த வரைவுகள் ஆயிரத்து நானூறுக்கும் மேல். அவர் நிலத்தின் மேல் எதையும் எழுப்பவில்லை. புல்வெளியை ஓரிடத்தில் வெட்டி, உள்ளே கரும்பளிங்கு போல் மின்னும் கருங்கற் சுவரை இரு கைகளாக விரித்தார். இறந்தவர்களின் பெயர்கள் இறந்த நாள் வரிசையில் இருக்கின்றன. வாசிக்க நிற்பவரின் முகமும் அந்தக் கல்லில் தெரியும். அடுத்து சிலி நாட்டின் ரிட்டோக்கே. வல்பரைசோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆசிரியர்களும் கவிஞர்களும் மாணவர்களும் 1970களின் தொடக்கத்தில் பசிபிக் கரையோர மணல்மேடுகளில் திறந்த நகரம் ஒன்றைத் தொடங்கினார்கள். முழு வரைபடம் எதுவும் போடாமல், காற்றையும் மணலையும் பார்த்துப் பார்த்து, மரத்தாலும் செங்கல்லாலும் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த நிலாவெளிப் பிள்ளை ஒருத்தி, "இது எங்கட கரை மாதிரியே இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த உரையை வைத்தது தகும்.

சரி, இனி இங்கே கட்டியவற்றுக்கு வருகிறேன்.

திருக்கடலூர்க் கரையில் வலை பொத்துவதற்கு ஒரு வாடி. பிள்ளைகள் முதலில் கொண்டுவந்த வரைவில் சீமெந்துத் தரை, இரும்புத் தூண், ஆணி பூட்டிய மூட்டுகள் எல்லாம் இருந்தன. கரையில் இருந்த மூத்தவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், வலைக்கு மணல்தான் வேணும். மாரிக்குக் கடல் ஏறினா இது எங்க போகும்?" என்று கேட்டார். அதோடு வரைவு மாறியது. தரையே இல்லை, மணல் மணலாகவே இருக்கிறது. பனங்குற்றிகள் தூண்களாயின. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து ஊதும், அது கொங்கிறீட்டையும் பிளக்கும் என்பதை நம் கரையோர வீடுகளிலேயே பார்க்கிறோம். அதனால் மூட்டுகள் எல்லாம் கயிற்றுக்கட்டு. தோணியில் போடும் கயிற்றுக்கட்டைக் கடற்றொழிலாளர்களே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் கட்டியவை கையால் அசைத்ததும் இளகின. கயிற்றை நனைத்து, குறுக்கே சுற்றி, நடுவால் இன்னொரு சுற்று இழுத்து இறுக்கிய பிறகு அசையவில்லை. கூரை கிடுகு. கச்சான் காற்று தரைப்பக்கம் இருந்து அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் கூரை தாழ்ந்து, முதுகு காட்டி நிற்கிறது. கடல் பக்கம் உயர்ந்து திறந்திருக்கிறது. உள்ளே இருப்பவர் வலையில் இருந்து கண்ணை எடுத்தால் வரும் தோணி தெரியும்.

சித்திரப் பிரிவுப் பிள்ளைகள் சுவரில் படம் வரைவதாக இருந்தது. சுவரே இல்லாமல் போனதால் என்ன செய்வது என்று யோசித்து, கழித்துப்போட்ட வலைகளையும் மிதவைகளையும் கொண்டு கூரையின் கீழ் ஒரு மறைப்புப் பின்னினார்கள். வெயில் நேரத்தில் அதன் நிழல் மணலில் விழும்போது, எது வலை எது நிழல் என்று தெரியாது. அங்கே வேலை செய்பவர்கள் அதைக் கழற்றச் சொல்லவில்லை. தாங்களாகவே இன்னும் சில மிதவைகளைக் கட்டியிருக்கிறார்கள். கரையோர ஒதுக்கில் நிரந்தரக் கட்டடத்துக்கு இடமில்லை என்பதாலும், கழற்றி எடுத்து வைக்கக்கூடியதாகவே இதைச் செய்தோம். மாரிக்கு முன் கழற்றப்பட்டது. பனங்குற்றிகள் பத்திரமாக உள்ளன. வாடியைச் சுற்றி அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காமல் விட்டது நல்ல முடிவு. மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

இரண்டாவது வேலை, தம்பலகாமப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் முற்றம். வகுப்பறைக் கூரைத் தண்ணீர் மாரியில் முற்றத்தை அரித்துக்கொண்டு ஓடும். கோடையில் அதே முற்றம் புழுதி. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்க்கும் ஊரில் இது பல பாடசாலைகளுக்கும் பொதுவான தொல்லை. முற்றத்தின் சரிவை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் குறுக்கே மூன்று தாழ்ந்த படிகள் கட்டி, ஓரமாக ஒரு வாய்க்கால் இறக்கி, கடைசியில் கல்லும் மணலும் நிரப்பிய ஊறுகுழியில் விட்டார்கள். படிகளில் பிள்ளைகள் இருக்கலாம், கூட்டமும் நடத்தலாம். வாய்க்காலின் அடியில் உடைந்த ஓடு, பீங்கான் துண்டுகளைப் பதித்துத் தாமரையும் விரால் மீனும் செய்தது பாடசாலைப் பிள்ளைகள். தண்ணீர் ஓடும்போதுதான் நிறம் முழுதாகத் தெரியும். வாய்க்காலுக்குச் சரிவு பிடித்த வேலையை நான் அருகில் இருந்து பார்த்தேன். விலை கூடிய கருவி எதுவும் இல்லை. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் இரு முனைகளையும் பிடித்து மட்டம் பார்த்து, நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலம் இறக்கினார் மேசன் ஐயா. கணினியில் வரைந்து வந்த மாணவன் அந்தக் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முற்றத்தின் நடுவில் ஒரு வேம்பு நிற்கிறது. அதை வெட்டினால் வேலை சுலபம் என்று பலரும் சொன்னார்கள். வெட்டவில்லை. மரத்தைச் சுற்றி இருக்கை வேண்டும், ஆனால் அத்திவாரம் வெட்டினால் வேர் போகும், வேரின் மேல் மண் நிரப்பினால் மரம் மூச்சு முட்டும். அப்புறம் பிள்ளைகள் கண்ட வழி, வேர் இல்லாத இடங்களாகப் பார்த்துச் சிறு தூண்கள் நிறுத்தி, அவற்றின் மேல் பலகை போடுவது. அதனால் இருக்கை வட்டமாக வரவில்லை, வேர் விட்ட இடத்தில் வளைந்து போகிறது. நம் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இருக்கைதான்.

மூன்றாவது, கட்டுவதற்கல்ல, வரைந்து காட்டுவதற்கு. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் காட்டுக்குள் வெறுமையாகக் கிடக்கும் ஒன்றைக் கலைக்கூடமாக்கினால் எப்படி இருக்கும் என்று மாணவி ஒருவர் வரைந்தார். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சைக் கண்ட இடம் அது. குதத்தைச் சுற்றி வளர்ந்த மரங்களை அவர் தொடவில்லை. மரங்களுக்கு இடையே உயர்ந்த நடைபாதை, இரும்புச் சுவரில் ஒரே ஒரு வாசல், மேலே வானம். உள்ளே குரல் சுற்றிச் சுற்றி ஒலிக்கும் என்பதால் படங்களுக்குப் பதில், அங்கே வேலை செய்தவர்களின் பேச்சைப் பதிவுசெய்து கேட்கவைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். எண்ணெய்க் குதங்கள் யாருக்கு என்ற பேரப்பேச்சையே இத்தனை காலம் கேட்டோம். அங்கே உழைத்தவர்களின் நினைவு பற்றி ஒருவர் யோசித்தது பெரிய ஆறுதல்.

மாதிரிகளையும் வரைவுகளையும் ஒரு பாடசாலை மண்டபத்தில் காட்சிக்கு வைத்தோம். மூதூர், கிண்ணியாவில் இருந்தும் பெற்றோரும் பிள்ளைகளும் வந்தார்கள். கட்டடக்கலை என்றால் என்ன படிப்பு, எந்தப் பாடங்கள் வேண்டும் என்று உயர்தர மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சித்திரம் வரையத் தெரிந்த பிள்ளையைக் கணக்கோடு மட்டும் மல்லுக்கட்ட விடும் வீடுகளில் இந்தக் கண்காட்சி ஒரு பேச்சைத் தொடக்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நடக்காத வேலையும் ஒன்று உண்டு. களப்போரம் ஒன்றில் கண்டலுக்கு நடுவே மரப்பாதை அமைக்கக் கேட்ட அனுமதி, ஓர் அலுவலகத்தில் இருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறது. இதற்கிடையில் அதே களப்பின் மறுகரையில் கிறவல் கொட்டுகிறார்கள். இதை இந்தச் சபையில் பதிவுசெய்ய வேண்டியது என் கடமை. புதிய நிர்வாக சபை இதைக் கைவிடக் கூடாது.

பராமரிப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். மாணவர்கள் விடுமுறை முடிந்து போய்விடுவார்கள். கிடுகு மாற்ற வேண்டும், ஊறுகுழியில் சேறு எடுக்க வேண்டும், கழன்ற பீங்கான் துண்டைத் திரும்பப் பதிக்க வேண்டும். கட்டும்போது பொன்னாடையோடு வருகிறோம், அடுத்த மாரியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு உறுப்பினர்களைப் பொறுப்பாக்கும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பனங்குற்றி, கிடுகு, பலகை எல்லாம் அன்பளிப்பாகக் கிடைத்தன. கூலி மட்டும் முழுதாகக் கொடுத்தோம். மேசன்மாரின் உழைப்பை அன்பளிப்பாகக் கேட்பதில்லை என்ற நம் வழக்கம் தொடர வேண்டும்.

தம்பலகாம முற்றத்தில் சரிவு பிடித்த அதே மேசன் ஐயா பங்குனியில் காலமானார். சுண்ணாம்புச் சாந்து சேர்க்கும் பழைய முறை தெரிந்த சிலரில் ஒருவர். தமக்குத் தெரிந்ததைக் கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் மறைக்காமல் சொன்னவர். அவர் குடும்பத்தாருக்குச் சபையின் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள். கூட்டம் தொடங்கும்போது எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை முன்மொழிவது: வாடியைத் திரும்பக் கட்டுவது, சுண்ணாம்பு வேலைக்கு ஒரு பயிற்சிப் பட்டறை, கன்னியாவுக்குப் போகும் வழியில் நிழல் தங்குமிடம் ஒன்றுக்கான மாணவர் வரைவுகள். தங்குமிடத்துக்கு இடம் தருவதாக ஒருவர் வாக்களித்திருக்கிறார். நிலத்தில் ஏற்கெனவே இரண்டு பாலை மரங்கள் நிற்கின்றன. வரைவு அவற்றில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று மாணவர்களுக்கு அறிவித்துவிட்டோம்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை