சோம்பிகள் ஏன் சாயக்கூடாது: மந்திரம் முறிக்கும் மந்திரங்கள் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பெரம்பூரில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் சென்ற ஞாயிறு நடந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர ஆட்டத்தில், கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) மந்திரத்தை முறிக்கும் டிஸ்பெல் மேஜிக் போட்டதும், பிணத்தை எழுப்பும் அனிமேட் டெட் மந்திரத்தால் எழுந்த சோம்பிகள் (நடைப்பிணங்கள்) எல்லாவற்றையும் பிணங்களாகச் சாய்த்துவிட்டீர்கள். தீர்ப்புச் சொல்லும் உரிமை ஆட்டத்தை நடத்தும் டி.எம்.மான உங்களுக்கே என்பதால் நான் குறுக்கிடவில்லை. ஆனால், "அப்படியானால் ஃபயர்பால் மந்திரம் சுட்ட காயத்தையும் டிஸ்பெல் பண்ணலாமா, அண்ணா?" என்று வண்ணாரப்பேட்டைப் பையன் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் கிடைக்காமலே ஆட்டம் கலைந்தது.

மந்திரத்தை முறிப்பதாக யாராவது சொன்னால், முறிக்கப்படவேண்டிய மந்திரம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். டிஸ்பெல் மேஜிக், இன்னும் நீடித்துக்கொண்டிருக்கும் மந்திரத்தை மட்டுமே முடிக்கும். அனிமேட் டெட்டின் கால அளவு 'உடனடி' என்று இருப்பதால், பிணம் எழுந்த நொடியிலேயே மந்திரம் முடிந்துவிடுகிறது; அதன்பின் நடமாடுவது சோம்பியே தவிர மந்திரம் அன்று. ஃபயர்பால் காயத்துக்கும் இதுவே விடை. தவிரவும், டிஸ்பெல் மேஜிக் ஒரு உயிரையோ ஒரு பொருளையோ ஒரு மந்திர விளைவையோதான் குறிவைக்கும் என்பதால், கூட்டமாகச் சாய்த்ததற்கு விதியில் எந்த வகையிலும் இடமில்லை. குறிவைக்கப்பட்டவர் மீது 3ஆம் நிலை (மந்திரத்தின் வலிமைப் படி) வரையிலான மந்திரங்கள் இருந்தால் அவை தாமாகவே முடியும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 20 முகப் பகடை உருட்டி, 10உடன் அந்த மந்திரத்தின் நிலையைக் கூட்டிய எண்ணை எட்டவேண்டும். 4ஆம் நிலையில் போட்ட, உருமாற்றும் மந்திரமான பாலிமார்ஃபுக்கு அது 14. மந்திர வாளை டிஸ்பெல் மேஜிக் ஒன்றும் செய்யாது. ஆட்டத்தின் பழைய 3.5 பதிப்பில் அது மந்திரப் பொருளைச் சில சுற்றுகளுக்கு மட்டுப்படுத்தியதால், பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் அந்த நினைப்பிலேயே வாதாடுகிறார்கள்.

கவுண்டர்ஸ்பெல் இதற்கு முந்தைய கட்டத்தைச் சேர்ந்தது: மந்திரம் போடப்படும்போதே, 60 அடிக்குள் அதைக் கண்ணால் பார்ப்பவர், அடுத்தவர் முறையிலும் உடனே எதிர்வினையாற்றும் வாய்ப்பான தம் ரியாக்‌ஷனைச் செலவிட்டுத் தடுப்பது. உங்கள் மேசையில் ஒருவர் 2014ஆம் ஆண்டு விதி நூலையும் இன்னொருவர் 2024ஆம் ஆண்டு விதி நூலையும் வைத்துக்கொண்டு ஆடுவதால் பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. பழைய விதியில், கவுண்டர்ஸ்பெல்லுக்குச் செலவிட்ட ஸ்லாட்டின் (மந்திரம் போடச் செலவாகும் கையிருப்பு) நிலையிலோ அதற்குக் கீழோ உள்ள மந்திரம் தானாகவே தோற்கும். அதைவிட உயர்ந்ததற்குத் தடுப்பவர் பகடை உருட்டவேண்டும், தோற்ற மந்திரத்தின் ஸ்லாட்டும் வீணாகும். புதிய விதியிலோ, மந்திரம் போடுபவர்தான் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ (உடல் உறுதியால் தாக்குப்பிடிக்கும் பகடை) உருட்டுகிறார். தோற்றால் அவருடைய ஆக்‌ஷன் போய்விடும், ஸ்லாட் மட்டும் மிஞ்சும். ஒருவருடைய கவுண்டர்ஸ்பெல்லை இன்னொருவர் கவுண்டர்ஸ்பெல்லால் தடுக்கலாம் என்பதில் இரு நூல்களும் ஒன்றுபடுகின்றன. ஆனால் ஒரு டர்னில் (ஒருவர் ஆடும் முறையில்) ஒரே ஸ்லாட்டைத்தான் மந்திரத்துக்குச் செலவிடலாம் என்று 2024 நூல் கட்டுப்படுத்தியிருப்பதால், தம் டர்னில் ஸ்லாட் செலவிட்டு ஃபயர்பால் போடுபவர், தம்மைத் தடுக்க வந்த கவுண்டர்ஸ்பெல்லை இன்னொரு ஸ்லாட்டால் தடுக்க முடியாது. எனக்குப் புதிய விதியே பிடித்திருக்கிறது, உயர்ந்த மந்திரத்தைத் தடுத்த பிறகும் எதிரிக்கு மறுவாய்ப்பு மிஞ்சுகிறது அல்லவா?

ஆன்டிமேஜிக் ஃபீல்ட் எதையும் முடிப்பதில்லை. 8ஆம் நிலை மந்திரமான அது, போட்டவரைச் சுற்றி 10 அடி ஆரத்துக்குள் மந்திரங்களையும் மந்திரப் பொருள்களையும் அடக்கிவைக்கிறது; வெளியே வந்தால் மந்திர வாள் மறுபடியும் மந்திர வாளே. ஆயினும், கைப்பேசியை அணைத்து வைத்தாலும் ரீசார்ஜ் நாள் ஓடுவதுபோல, அடங்கிக் கிடக்கும் மந்திரத்தின் நேரமும் குறைந்துகொண்டே வரும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒன்றை மட்டும் முடிவு செய்துவிடுங்கள். எதிரி மந்திரம் போடத் தொடங்கும்போது அதன் பெயரை நீங்களே அறிவிப்பீர்களா? 2017இல் வந்த சனாதார் வழிகாட்டி என்ற துணை விதி நூலின்படி, போடப்படும் மந்திரத்தை அடையாளம் காண்பதற்கே ரியாக்‌ஷன் செலவாகும். கண்டுகொண்டவரால் கவுண்டர்ஸ்பெல் போட முடியாது, வேறொருவருக்குக் கத்திச் சொல்லத்தான் முடியும். அந்த விதியைக் கொண்டுவருவதானால், ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசையின் விசார்டு