எழுத்து ஈயமும் துப்பாக்கிக் குண்டும்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, டிவியைக் கொஞ்சம் குறை. என் முழங்கால் பழைய கதைதான். பென்சில்வேனியாவில் குளிர் தொடங்கிவிட்டதால் அதன் புலம்பல் இன்னும் கூடியிருக்கிறது.

ஈய எழுத்தோடு பிரஸ் நடத்தியவன் நீ, இந்தக் கடிதத்தில் உனக்கென்றே ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா, மான் வேட்டைக்காரர்? துப்பாக்கிக்கான தோட்டாவை அவரே தன் கொட்டகையில் தயாரிக்கிறார். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்தால் ஜெயில்தான். இங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமர் (அடித்ததும் தீப்பொறி தரும் சின்ன மூடி) வைத்து, வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டைச் செருகுகிறார். அந்தக் குண்டைத்தான் ஈயத்தை உருக்கி வார்க்கிறார்.

துப்பாக்கி என்றால் எனக்கு இன்னும் ஒவ்வாது, உனக்கே தெரியும். ஆனாலும் அந்த வார்ப்பை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம், அவர் பானையில் போட்ட கட்டி. லைனோடைப் ஈயம்! ஏதோ ஒரு பத்திரிகை ஆபீஸில் அச்செழுத்தை வரிவரியாக வார்த்துத் தந்த லைனோடைப் இயந்திரத்துக்கு ஊட்டிய கட்டியாம். 1886-இல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் முதன்முதலாக ஓடிய அந்த இயந்திரம், 1970-களில் ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சு பரவியபோது ஒவ்வொரு ஆபீஸாகக் காயலான் கடைக்குப் போனது. நியூயார்க் டைம்ஸ் கடைசியாக அதில் அச்சானது 1978 ஜூலையில். மிஞ்சிய ஈயத்தைக் குண்டு வார்ப்பவர்கள் எடைக்கு எடை வாங்கிப் பதுக்கினார்கள். இப்போது கிடைப்பது அபூர்வம் என்று ஒவ்வொரு கட்டியையும் தங்கம் மாதிரி எண்ணி வைத்திருக்கிறார்.

ஏன் அதற்கு அந்த மவுசு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி என்ற உலோகம், 4 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் இருந்தால் உருகிய உலோகம் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஆன்டிமனி கெட்டிப்படுத்தும், ஆறும்போது அதிகம் சுருங்க விடாது. எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழ எது வேண்டுமோ, குண்டின் அடிப்பகுதி கூர்மையாக விழவும் அதுவேதான் வேண்டும். அடி விளிம்பு மழுங்கியிருந்தால் குண்டு குறி தப்பும் என்று பெரியவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கழிக்கிறார். நீ புது எழுத்து வந்ததும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாயே, அதே முகம், அதே முனகல்!

குண்டு வார்க்கும் அச்சு பாக்குவெட்டி மாதிரி இரண்டு கைப்பிடியோடு இருக்கிறது. அது சூடாகாமல் வார்த்தால் குண்டில் சுருக்கம் விழுகிறது. அளவு மீறிச் சூடானால் மேலே வெள்ளைப் பனி பூத்தது போலாகிறது. முதலில் விழுவதையெல்லாம் திரும்பப் பானையில் போட்டுவிடுகிறார். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், லைனோடைப் கலவை 240 டிகிரியைத் தாண்டியதுமே இளகிவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தால் போதும், நீராவி வெடித்து ஈயம் முகத்தில் அடிக்கும். அதனால் மழைநாளில் வார்ப்பு வேலையே கிடையாது.

கலப்பில்லாத காரீயக் குண்டை ரைஃபிளில் வேகமாகச் சுட்டால் குழலுக்குள் ஈயம் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்காகத்தான் இந்தக் கெட்டிக் கலவை. போதாதற்கு, குண்டின் வரிப்பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகு, அடியில் மெல்லிய செம்பு மூடி. இவ்வளவு செய்தும் கடையில் விற்கும் செம்பு உறைக் குண்டின் வேகத்துக்குப் போக முடியாது, போகவும் கூடாது. மருந்து குறைவாகப் போடுவதால் ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. அது தெரியாமல் சுட்டால் துப்பாக்கியே வெடித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே குண்டை வைக்கிறார். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் முறைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், மானுக்கு இந்த லைனோடைப் குண்டு சரிப்படாதாம். கெட்டியாக இருப்பது உடையவும் செய்யும். வேட்டைக்கென்று மெத்தென்ற கலவை தனியாக வார்க்கிறார். பத்திரிகை ஈயமெல்லாம் காகித இலக்குக்குத்தான் போகிறது. காகிதத்தை விட்டு அதற்குப் போக்கிடமில்லை போலிருக்கிறது.

அமெரிக்கர்களுக்கு இந்தப் பைத்தியம் பழையது. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் கவிழ்த்தது. அதன் துண்டுகளைக் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டுக்குக் கொண்டுபோய் 42,088 குண்டுகளாக வார்த்தார்கள். வார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். யார் எத்தனை வார்த்தார் என்ற கணக்குகூட இருக்கிறது. மன்னரை உருக்கி மன்னரின் படைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்!

ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர் கையுறை போட்டுக்கொண்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வார்க்கிறார். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வருடா வருடம் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதனை வேறு. உன் பிரஸ்ஸில் நாள் முழுக்க ஈய எழுத்தை அளைந்த கையோடு, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் வடையைப் பிய்த்துத் தின்றது நினைவுக்கு வந்து எனக்கு வயிறு கலங்கியது. அவர்களில் யார் யார் இப்போது எப்படி இருக்கிறார்கள்? விசாரித்து எழுது. உனக்கும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு, செலவைப் பார்க்காதே.

அப்புறம், பெரியவர் உன்னிடம் கேட்கச் சொன்ன சந்தேகம். திரும்பத் திரும்ப உருக்கினால் மேலே கசடாக ஒதுங்கி வெள்ளீயம் குறைகிறது, வார்ப்பு மந்தமாகிறது. அவர் மெழுகும் மரத்தூளும் போட்டுக் கிளறிப் பார்க்கிறார். உனக்கு எழுத்து வார்த்துக் கொடுத்தவர்கள் பழைய எழுத்தை உருக்கும்போது என்ன சேர்த்தார்கள், எந்த அளவில்? உனக்கு ஞாபகம் இருப்பதை எழுது, நான் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு அச்சுக்காரர் பதில் தருகிறார் என்றதும் மனிதர் தினம் தபால் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய கூட்டாளி