60 நாள் நோட்டீஸைப் பிரிக்காமல் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடன் பாக்கிக்காக வங்கி ஒரு வீட்டைத் தன் கைவசம் எடுப்பதையும் விற்பதையும் சொல்லி, நாளிதழ்களில் ‘சுவாதீன அறிவிப்பு’, ‘ஏல விற்பனை அறிவிப்பு’ என்று பொடி எழுத்தில் வரும் கட்டங்களைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. அதில் பெயர் வந்த குடும்பங்களே பல நேரம் பார்ப்பதில்லை. ஆனால் அதற்கு முன்பே நாள் கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும். அந்தக் கணக்கு தெரியாததால், காப்பாற்றியிருக்கக்கூடிய வீடுகளும் கைவிட்டுப் போகின்றன.

கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால்தான் வங்கி வீட்டை எடுக்க முடியும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். கோர்ட் தீர்ப்பு இல்லாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டம் 2002-ல் வந்த பிறகு அந்த நிலை மாறிவிட்டது. தவணை பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அடுத்து 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வரும். நின்றுபோன நாலைந்து தவணையை மட்டும் அது கேட்காது. மொத்தக் கடனையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லும்.

அந்தத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. வாசல் கதவில் ஒட்டி, நாளிதழ்களில் வெளியிட்டாலே நோட்டீஸ் சேர்ந்ததாகத்தான் கணக்கு. வாங்கிப் பிரித்து, எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். 13(3ஏ) பிரிவின்படி வங்கி அதைப் பரிசீலிக்க வேண்டும். ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். ‘கருணை காட்டுங்கள்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. கட்டிய தொகை எதுவும் வரவு வைக்கப்படாமல் இருக்கிறதா, வட்டி விகிதம் ஒப்பந்தப்படி இருக்கிறதா, அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்களா (ரிசர்வ் வங்கி விதிப்படி இது கூடாது) என்று கணக்கு விவரத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்து, தேதி, தொகையோடு எழுத வேண்டும். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் (வங்கிக் கடன் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) பேசப்போவது அந்த நகல்தான்.

ஒரு தவணையைக் கட்டிவிட்டால் போதும், வங்கி அடங்கிவிடும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அசல், வட்டி பாக்கி முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு வாராக்கடனிலிருந்து வெளியே வரும் என்று 2021-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கியைக் கட்டினால் நடவடிக்கையை நிறுத்துவதாக மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

60 நாள் முடிந்ததும் 13(4) பிரிவின்படி சுவாதீனம். முதலில் பெரும்பாலும் காகிதத்தில் மட்டும்தான்: கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள், 7 நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் (ஒன்று உள்ளூர் மொழியில்) விளம்பரம் வரும். வீட்டுக்குள் குடும்பம் வழக்கம்போல் இருக்கும், அடுப்பும் எரியும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் 17-வது பிரிவின்படி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம், அதுவும் சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து. தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் உள்ளன. இதை விட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே இதை விசாரிக்கக் கூடாது என்னும் 34-வது பிரிவு குறுக்கே நிற்கும், நாள் வீணாகும். மனு போட்டதாலேயே தடை கிடைத்துவிடாது. தடை உத்தரவைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லியே பெரும்பாலும் தடை தருவார்கள் என்பதால், கொஞ்சம் பணத்தோடு போவது நல்லது. காலி செய்ய மறுத்தால், வங்கி 14-வது பிரிவின்படி ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கி, போலீஸ் துணையோடு பூட்டுப் போடும்.

மிகப் பலர் ஏமாறும் இடம் ஏலம். முன்பெல்லாம் ஏலம் முடிவதற்குள் பணம் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுத் தொகையையும் செலவுகளோடு கட்டியிருக்க வேண்டும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏலத்துக்கு முந்தைய நாள் நகையை விற்றுப் பணத்தோடு நின்றாலும், அதை வாங்கியே ஆக வேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்டவே வழியில்லை என்று தெரிந்தால், அறிவிப்பு வருவதற்கு முன் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு வீட்டை நீங்களே விற்பது மேல். ஏலத்தில் அந்த விலை கிடைப்பது அரிது. ஏலத்தில் மிஞ்சினால் மீதி உங்களுக்குத்தான். குறைந்தால், ஜாமீன் போட்டவரையும் விடமாட்டார்கள்.

விவசாய நிலத்துக்கும், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும், பாக்கி 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்ட கடனுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. முக்கால்வாசிக்கு மேல் கட்டி முடித்தவர்கள் இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

வங்கிகளிடம் ஒரு கோரிக்கை. 13(2) நோட்டீஸோடு தமிழில் ஒரு பக்கம் இணையுங்கள். சுவாதீன அறிவிப்பில், மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி எது, எந்தத் தீர்ப்பாயம், அதன் முகவரி என்ன என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அந்த விளம்பரங்களை வெளியிடும் நாளிதழ்களும் இதை வற்புறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை