வக்கீல் மீதான புகாரை வக்கீல்கள் மட்டுமே விசாரித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர். என் அக்காவுக்கு வயது 71. அத்தான் காலமான பிறகு, தோட்டத்தில் தன் பங்கைக் கேட்டுக் கொழுந்தன்மார் மீது பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மஞ்சப்பையோடு வக்கீல் ஆபீசுக்குப் போவார். குமாஸ்தா அடுத்த தேதியைச் சொல்வார். அக்கா 500 ரூபாய் கொடுத்துவிட்டு, தேதியையும் தொகையையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார்.

போன மாதம் என் பேரன் வழக்கு எண்ணைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்தான். வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடியாகி 14 மாதம் ஆகியிருந்தது. அக்காவின் நோட்டைப் புரட்டினேன். தள்ளுபடியான தேதிக்குப் பிறகும் ஆறு வாய்தா, ஆறு 500 ரூபாய். அந்தப் பணம் வக்கீலுக்குப் போனதா, குமாஸ்தாவோடு நின்றதா, எனக்குத் தெரியாது. அதை விசாரித்துச் சொல்லத்தானே ஒரு அமைப்பு வேண்டும்?

தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேறு வக்கீலைப் பார்த்தோம். நல்ல மனிதர். ஆனாலும், "அவர் மேல் குறை சொல்லி எழுத முடியாது சார், தினமும் முகத்தில் முழிக்கிறவர். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை என்று போட்டுவிடலாம்" என்றார். "எனக்கு எப்போ மஞ்சள் காமாலை வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டார் அக்கா.

சரி, புகார் கொடுக்கலாம் என்றால் எங்கே கொடுப்பது? வக்கீல்களை நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று சொல்லிவிட்டது. மிச்சமிருப்பது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும், சென்னையில் உள்ள மாநில பார் கவுன்சில்தான். அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூவரும் வக்கீல்கள். அதில் இருவர் வக்கீல்களின் ஓட்டு வாங்கி கவுன்சிலுக்கு வந்தவர்கள். கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை போடலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். அதிகாரம் பெரிதுதான். ஆனால் கட்சிக்காரர் இழந்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்ல அந்தத் தண்டனைப் பிரிவில் வழி இல்லை. ஓராண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால் புகார் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். தென்காசிப் பக்கத்துக் கிழவிக்கு, பொதிகை ரயிலில் ஏறிச் சென்னை போவதே பெரும்பாடு.

வக்கீல் தொழில் அரசாங்கத்தின் பிடிக்குள் போய்விடக் கூடாது என்ற பயம் நியாயமானது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த மசோதா வரைவை வக்கீல்கள் எதிர்த்து நின்று திரும்பப் பெற வைத்தார்கள். அதில் நான் அவர்கள் பக்கம்தான். அரசின் ஆள் வேண்டாம். ஆனால் கட்சிக்காரரின் இடத்திலிருந்து பார்க்க ஒருவராவது வேண்டாமா? இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் சட்டத் தொழிலைச் சேராத பொதுமக்களும் உட்காருகிறார்கள். அதனால் அங்கே தொழிலின் சுதந்திரம் ஒன்றும் குலைந்துவிடவில்லை.

நம் ஊரிலும் வக்கீல்களுக்கென ஒரு தனி நடத்தை வாரியம் வரட்டும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைவர், மூத்த வக்கீல் ஒருவர், வக்கீல் அல்லாத ஒருவர். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரமும் அதற்கு இருக்கட்டும். மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கேயே மாதம் ஒருமுறை அமர்வு வைக்கலாம். அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக அக்காவின் நோட்டோடு போய் நிற்பேன்.

மஞ்சள் காமாலை மனு கையெழுத்தாகாமல் என் மேசையில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
தென்காசி மாவட்டம்.