சிவப்பு ஸ்டிக்கருக்கு ஒரு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் ஆய்வக ஃப்ரீசர்களில் இருந்த மாதிரிகள் அனைத்தும் பத்திரம். எந்தப் பெட்டி எந்த ஃப்ரீசரில் இருக்கிறது என்று நேற்று மாலையோடு கணக்கும் சரியாகிவிட்டது. கரண்ட் போய், ஃப்ரீசர்களைக் காப்பாற்ற எல்லோரும் ஓடிய அந்த ராத்திரி நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், புதிய ஆய்வகத்துக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. பேரெல்லாம் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கட்டட வேலை முடியும் தறுவாயில் எங்கள் பேச்செல்லாம் பயோசேஃப்டி கேபினெட், கான்ஃபோகல் மைக்ராஸ்கோப், சக்கரம் வைத்த மேசைகள் பற்றித்தான். பிளக் பாயின்ட்டைப் பற்றி யார் பேசுவார்கள்? மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள் வரைபடத்தில் ஒரே சுவரோரம் வரிசையாக நின்றன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "கரண்ட் போயிட்டுத் திரும்பி வந்தா இத்தனையும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகுமே சார், பிரேக்கர் தாங்குமா?" கம்ப்ரஸர் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதனால் ஒவ்வொரு ஃப்ரீசருக்கும் தனி லைன், தனி பிரேக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்.

அதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் போகவில்லை. ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் போர்டு எண், பிரேக்கர் எண் எழுதி ஸ்டிக்கர் ஒட்டினார். சாதாரண லைனுக்கு வெள்ளை, ஜெனரேட்டர் லைனுக்குச் சிவப்பு. ஒப்பந்தத்தில் இதெல்லாம் கிடையாது. ஆய்வகத்தில் 70 சதவீத ஆல்கஹால் போட்டுத் துடைப்போம், மார்க்கர் எழுத்து நிற்காது என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லாவற்றின் மேலும் டேப் வேறு ஒட்டியிருக்கிறார்.

கரண்ட் போன அந்த ராத்திரி முதலில் ஓடி வந்தவர்கள் எங்கள் குழுவே இல்லை. பக்கத்துப் புற்றுநோய் ஆய்வுக் குழு மாணவர்கள். எங்கள் அறையில் எது எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. சிவப்பைத் தேடினார்கள், எக்ஸ்டென்ஷன் இழுத்து ஃப்ரீசர்களை அதில் சொருகினார்கள். அந்த ஃப்ரீசர்களில் இருந்தவை நோயாளிகள் நம்பிக் கொடுத்த ரத்தமும் திசுவும். உருகிவிட்டால் இன்னொரு முறை போய்க் கேட்டு வாங்க முடியாது, கொடுத்தவர்களில் சிலர் இன்று இல்லை.

அந்த மாணவர்களுக்கும், தங்கள் ஃப்ரீசரில் தட்டுகளைக் காலி செய்து கொடுத்த துறைகளுக்கும், காவலர்களுக்கும், பெட்டிகளோடு வைத்த உலர் பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஆவியாகி மூச்சு முட்டக்கூடாதே என்று கொட்டுகிற மழையிலும் ஜன்னலைத் திறந்துவைத்தே வண்டி ஓட்டிய டிரைவருக்கும், டீ கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் திட்டாதீர்கள்.

ஆய்வகங்களுக்கு நடுவே கண்ணாடிச் சுவர் வைத்தால் கூட்டு ஆராய்ச்சி தானாக நடந்துவிடுமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கேம்பிரிட்ஜில் 1962-இல் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் திறந்தபோது, அதன் தலைவர் மாக்ஸ் பெரூட்ஸ் எல்லோரும் சந்தித்துப் பேச ஒரு கேன்டீன் வேண்டும் என்று நினைத்தார். அதை வருஷக்கணக்கில் நடத்தியவர் அவர் மனைவி கிசெலா. இங்கே அந்த வேலையைச் செய்தது பொது மைக்ராஸ்கோப் அறைதான் என்று நினைக்கிறேன். அந்த மாணவர்களுக்கு எங்களைத் தெரிந்ததே அங்கே முறை வரக் காத்திருந்தபோதுதான்.

சரி, இனிமேல் ஒரு ஃப்ரீசரை எப்போதும் காலியாக, மைனஸ் 80-இலேயே ஓடவிடப் போகிறோம். எந்தத் துறைக்கு ஆபத்து என்றாலும் நேராக வந்து வைக்கலாம், அனுமதிக் கடிதம் எல்லாம் அப்புறம். அடுத்து எந்தக் கருவி வாங்கினாலும், வரைபடம் முடிவாவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு உட்காரவைப்போம்.

கடைசியாக ஒன்று. எங்கள் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நீங்களே தூக்கிக்கொண்டு வர வேண்டாம். உலர் பனியோடு நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். அதுவரை கதவை அடிக்கடி திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.