பாஸ்போர்ட் போட்டோவில் முகத்தை வெளுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் போய் "பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும்" என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி "எத்தனை காப்பி?" என்பதுதான். எதற்காக எடுக்கிறீர்கள், எந்த நாட்டு விசாவுக்கு, குழந்தைக்கா பெரியவருக்கா என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. ஐந்து நிமிடத்தில் நீலப் பின்னணியோ வெள்ளைப் பின்னணியோ போட்டு, முகத்தில் இருக்கும் கருமை, மரு, தழும்பு எல்லாவற்றையும் துடைத்து, எட்டு காப்பி கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பேங்க் பாரத்தில் ஒட்டுவதற்கு அது போதும். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் போதாது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம் பழைய வடஆற்காடு முழுவதுமே வெளிநாட்டுத் தொடர்பு உள்ள பகுதி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிலில் இருப்பவர்கள், மேல்விஷாரத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், இங்கே படித்துவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போடும் நர்சுகள், காட்பாடியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள், அப்புறம் மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகும் அறுபது, எழுபது வயது அப்பா அம்மாக்கள். எல்லோரும் முதலில் வந்து நிற்கும் இடம் அந்த ஸ்டுடியோதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறைய பேர் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள். இந்தியாவில் இருந்துகொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் பெரியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டே போக வேண்டாம். வேலூர் தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கும் பாஸ்போர்ட் மையமோ சென்னையில் இருக்கும் மையமோ, கைரேகை வாங்கும் இடத்திலேயே கேமராவில் அவர்களே படம் எடுத்துக்கொள்வார்கள். 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் நாம் படம் கொண்டுபோக வேண்டும், அதுவும் வெள்ளைப் பின்னணியில் 4.5 சென்டிமீட்டருக்கு 3.5 சென்டிமீட்டர் அளவில். இது தெரியாமல் பெரியவர்கள் பை நிறைய போட்டோவோடு போகிறார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் படம் இல்லாமல் போய் நிற்கிறாள்.

மற்ற விண்ணப்பங்களுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு அளவு. அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், சரியான சதுரம். தாடையிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றும் படம் 600 முதல் 1200 பிக்சல் வரை உள்ள சதுரமாகவும் 240 கேபிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், சதுரம் கிடையாது. ஹஜ் கமிட்டி விண்ணப்பத்துக்கு வெள்ளைப் பின்னணி, படத்தில் 70 சதவீதம் முகம். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதற்கும் 2025 செப்டம்பர் 1 முதல் உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி 630க்கு 810 பிக்சல் படம், அதில் முகம் 80 முதல் 85 சதவீதம் என்று ஆகிவிட்டது. லீவுக்கு ஊருக்கு வரும்போது இங்கேயே எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கும் துபாய்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த அளவெல்லாம் ஸ்டுடியோக்காரர்களால் செய்ய முடியாதது இல்லை. ஆனால் நடப்பது என்னவென்றால், வழக்கமான பாஸ்போர்ட் சைஸில் எடுத்த படத்தை அமெரிக்காவுக்கு என்றதும் பக்கவாட்டில் இழுத்துச் சதுரமாக்கித் தருகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் கொடுத்திருந்தார்கள், ஒடுங்கிய முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுபோய் இருந்தது. மகன் அங்கிருந்து போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் வேறு கடையில் முதலிலிருந்து எடுத்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத, இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அந்த அம்மா இதில் என்ன செய்திருக்க முடியும்?

இதை எல்லாம் விட என்னை அதிகமாக வருத்துவது அந்த முகத்தை வெளுக்கும் வேலை. யாரும் கேட்காமலே செய்கிறார்கள். கேட்டால் "நல்லா இருக்கும் சார்" என்கிறார்கள். மாநிறமாக இருப்பவரைச் சிவப்பாக்கி, கறுப்பாக இருப்பவரை மாநிறமாக்கி, கன்னத்துத் தழும்பை அழித்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கத்தைத் தேய்த்து, அறுபது வயதுக்காரரை நாற்பதாக்கித் தருகிறார்கள். விதி இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. தோலின் நிறம் உள்ளபடி தெரிய வேண்டும், ஃபில்டர் கூடாது, எந்தத் திருத்தமும் கூடாது. ஏன் என்றால் அந்தப் படத்தைப் பார்க்கப் போவது மனிதர் மட்டும் இல்லை. சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் 2025 மார்ச் முதல் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள், நம் மாவட்டமும் அந்த அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. அந்த சிப்பில் நம் முகமும் கைரேகையும் இருக்கும். வெளிநாட்டு விமான நிலையத்தில் மெஷின் நம் முகத்தை அதோடு ஒத்துப் பார்க்கும். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, மூக்கு, தாடை எல்லாவற்றையும் அது கணக்குப் போடுகிறது. கம்ப்யூட்டரில் தேய்த்த முகத்தை விசாவுக்குக் கொடுத்துவிட்டு சொந்த முகத்தோடு போய் நின்றால் சிரமம் யாருக்கு? தவிர, நம் ஊர் மனிதர்களின் நிறம் மறைக்க வேண்டிய குறை இல்லை. சொந்த நிறத்தோடு ஒரு அரசாங்க ஆவணத்தில் இருக்கும் உரிமையை ஒரு மவுஸ் கிளிக்கில் எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

ஸ்டுடியோவுக்குப் போகும் முன் நாம் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. வெள்ளைச் சட்டை வேண்டாம். நம் ஊர்ப் பெரியவர்கள் அரசாங்க வேலை என்றாலே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள், வெள்ளைப் பின்னணியில் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அழுத்தமான நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க விசா படத்தில் 2016 நவம்பர் 1 முதல் மூக்குக்கண்ணாடி கூடாது, கழற்றிவிட வேண்டும். மத வழக்கப்படி தலையை மூடும் பெண்கள் அதை எடுக்க வேண்டியதில்லை, நெற்றியின் மேலிருந்து தாடை வரையும் முகத்தின் இரண்டு ஓரமும் நிழல் விழாமல் தெரிந்தால் போதும். இதைச் சரியாகச் சொல்லாமல் சில இடங்களில் பெண்களை முக்காட்டை எடுக்கச் சொல்லி சங்கடப்படுத்துவதாகக் கேள்விப்படுகிறேன், அது தவறு.

கைக்குழந்தைக்கு எடுப்பதுதான் உண்மையிலேயே கஷ்டம். மடியில் வைத்து எடுத்தால் அம்மாவின் கை படத்தில் வந்துவிடும், அது கூடாது. சுருக்கம் இல்லாத வெள்ளைத் துணியை விரித்து, குழந்தையை அதில் படுக்க வைத்து, நேர் மேலிருந்து எடுத்தால் சரியாக வரும். எடுப்பவரின் நிழல் குழந்தை மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, கடைக்காரர் கஷ்டப்பட்டு சரியாக எடுத்த படத்தையும் நாம் வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கிக் கெடுத்துவிடுகிறோம். அதில் பிக்சல் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்ட் போட்ட படத்தை செல்போனில் மறுபடி படம் பிடித்து ஏற்றுவதும் வேண்டாம்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் கடைகளைப் பாருங்கள். வெளியூரிலிருந்து வரும் நோயாளிகளுக்காகப் பலகையில் வங்காள எழுத்துக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குப் புரிய வேண்டும் என்று அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரிந்த ஊரில், எந்த விண்ணப்பத்துக்கு எந்த அளவு படம் என்று தமிழில் ஒரு பலகை வைக்க முடியாதா? தலைமைத் தபால் நிலையத்தின் வாசலில், சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில், ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் ஒரு பலகை வைக்கலாம். பெரியவர்களுக்கு போட்டோ தேவையில்லை, 4 வயதுக்குள் என்றால் தேவை என்ற இரண்டு வரி இருந்தாலே பாதிப் பேருக்கு அலைச்சல் மிச்சம். மாவட்ட நிர்வாகம் இதற்குப் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது, "எதுக்கு சார் போட்டோ?" என்று முதலில் கேளுங்கள், விதியை ஒரு தரம் பார்த்துவிட்டு எடுங்கள், முகத்தில் கை வைக்காதீர்கள். செல்போன் வந்த பிறகு உங்கள் தொழில் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அளவு சரியாக வரும், திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று பேர் வாங்கிய கடைக்கு குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் ஆள் தேடி வருவார்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்பார்கள்.

உங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் இந்த அளவுகளை ஒரு கட்டம் போட்டு, வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.